ட்ராக் பைக் இன்ஜின் தகராறு: நூறில் முடிவது எது, லட்சத்துக்கு இழுப்பது எது

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தய ட்ராக்கில் ஓட்டிவிட்டு வேலந்தாவளம், வாளையார் வழியாகப் பாலக்காட்டுப் பக்கம் திரும்பும் பைக்குகளில் நிறையவே குட்டி யானையில் ஏறி நேராகப் பட்டறைக்குத்தான் வருகின்றன. யமஹா ஆர்15, கேடிஎம் ஆர்சி 390, டிவிஎஸ் ஆர்ஆர் 310 அதிகம். எப்போதாவது ஒரு நிஞ்சாவோ நான்கு சிலிண்டர் வண்டியோ வரும். வண்டி எதுவானாலும் புகார்கள் ஏழெட்டுக்குள் அடங்கிவிடும். அதே புகார்களுக்கு ஒருவர் நூறு ரூபாயோடு போவதும் இன்னொருவர் அரை லட்சம் கொடுப்பதும் பெரும்பாலும் எந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார் என்பதைப் பொறுத்தது.

அறிகுறியைத் தேடிப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் செலவு குறைந்த காரணம் முதலில் வரும். அதைப் பார்க்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்று. ட்ராக் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. ரோட்டில் நடு ஆர்பிஎம்மில் (நிமிடச் சுழற்சி) உருளும் இன்ஜின் ட்ராக்கில் பெரும்பாலும் மேல் ஆர்பிஎம்மிலேயே ஓடும். எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது ஆயில் மாற்றியது, எப்போது டாப்பெட் (வால்வு இடைவெளி) பார்த்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நோட்டோடு வருபவருக்கும் இல்லாமல் வருபவருக்கும் பட்டறையில் ஆகும் கூலியே வேறு.

டெம்பரேச்சர் ஏறிக்கொண்டே போகிறது

எப்போது ஏறுகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

*பிட்டில் (ட்ராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடம்) நிற்கும்போது மட்டும் ஏறுகிறது:* ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், அப்புறம் ஃபேனுக்குப் போகும் கனெக்டர், அதன் பின் ஃபேன் மோட்டார். ஃபியூஸ் என்றால் டீச் செலவு. சுற்றியும் ஏறினால் பங்குனி வெயிலில் அது பெரிய விஷயமில்லை. ஸ்டாண்டில் நிறுத்தி ஐடிலில் உறும விடும் பழக்கத்தை விட்டால் போதும்.

*ஓடும்போதே ஏறுகிறது:* ரேடியேட்டர் முகத்தைப் பாருங்கள். முன்னால் போன வண்டி எறிந்த ரப்பர் துணுக்கு, பூச்சி, மண் எல்லாம் இடுக்கில் அடைத்திருக்கும். பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷரை நெருக்கமாகக் காட்டினால் தகடுகள் மடங்கி, இருந்ததைவிட மோசமாகிவிடும். அடுத்து கூலன்ட் அளவு. அதற்கடுத்து ரேடியேட்டர் மூடியின் ரப்பர்: மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் தண்ணீர் முன்கூட்டியே கொதிக்கும். மூடி சில நூறு ரூபாய்தான். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாம் இதற்கப்புறம்.

ட்ராக்கில் கிளைகால் என்ற ரசாயனம் கலந்த கூலன்டைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. தரையில் சிந்தினால் வழுக்கும், எளிதில் காயாது. அதனால் வெறும் தண்ணீர் ஊற்றுகிறார்கள், சரி. ஆனால் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் கிழக்குப் பக்கத்து போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படியும் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்க்குள்ளும் படியும். டிஸ்டில்டு வாட்டரும் அரிப்புத் தடுக்கும் திரவமும்தான் ஊற்ற வேண்டும். ட்ராக் முடிந்ததும் மறுபடி கூலன்டுக்கு மாற்றிவிடுங்கள்.

*இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏறுகிறது:* காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். சூடான இன்ஜினில் மூடியைத் தொடவே கூடாது. தொடக்கத்தில் ஓரிரு குமிழி வரலாம். விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்பு) போயிருக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடி ஜன்னலில் பால் விட்ட காபி நிறம் தெரிந்தாலும் அதே சந்தேகம்தான். ஆனால் இடவப்பாதி மழையில் வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் மட்டும் ஸ்டார்ட் செய்து அணைக்கும் வண்டியில், ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் இந்தக் குழம்பு சேரும். அது வெறும் ஈரம். நன்றாகச் சூடேற ஓட்டினால் போய்விடும்.

குமிழி உறுதியானால் அத்தோடு நிறுத்துங்கள். கேஸ்கட் விலை சிறியது. ஹெட் வளைந்திருந்தால் கோவை லேத்தில் முகம் சீவ வேண்டி வரும், அதுவும் தாங்கக்கூடிய செலவே. கொதிக்கக் கொதிக்க இன்னும் இரண்டு லேப் ஓட்டினால் பிஸ்டன் உரசி போர் (சிலிண்டரின் உட்சுவர்) கீறும். ஆர்சி 390-ல் நிகாசில் என்ற கடினமான உட்பூச்சு, ஆர்15-ல் டயாசில் என்ற அலுமினியக் கலவை சிலிண்டர். பழைய வண்டிகளைப் போல போரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் வழி இரண்டிலும் இல்லை. சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

ஆயில் குறைகிறது, புகை வருகிறது

முதலில் அளவை ஒழுங்காகப் பாருங்கள். வண்டியை நேராக நிமிர்த்தி, ஓட்டி அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். பேடாக் ஸ்டாண்டில் பின்பக்கம் தூக்கி நிற்கும்போது ஜன்னலில் தெரிவது சரியான அளவல்ல. அதைப் பார்த்து ‘குறையுது’ என்று மேலும் ஊற்றி, அதிகமான ஆயில் ஏர்பாக்ஸுக்குள் (ஏர் ஃபில்டர் பெட்டி) ஏறி, அது எரிந்து புகைந்து, அதற்காக இன்ஜினைத் திறக்கச் சொல்லி வருபவர்கள் உண்டு.

*புகை இல்லை, ஆயில் மட்டும் குறைகிறது:* ஏர்பாக்ஸைத் திறந்து அடியில் ஆயில் தேங்கியிருக்கிறதா, ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிரீதர் (இன்ஜினின் மூச்சுக்குழாய்) வழியாக வருகிறது. அளவை மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே வைத்துப் பாருங்கள். அப்படியும் வந்தால் அந்த ஆயிலைப் பிடித்து வைக்கும் கேட்ச் டப்பா ஒன்று பொருத்தலாம்.

*நீண்ட பிரேக்கிங்குக்குப் பின் த்ராட்டில் திறக்கும்போது ஒரு கொத்து நீலப் புகை:* வால்வு சீல், அல்லது வால்வு கைடு. சீல் மலிவு, கூலிதான் கூடுதல். உடனே வண்டி நின்றுவிடாது. அடுத்த டாப்பெட் வேலையோடு சேர்த்துச் செய்தால் கூலி மிச்சம்.

*முழு த்ராட்டிலில் தொடர்ந்து நீலப் புகை:* ரிங், பிஸ்டன், போர். இங்கே ஊகம் வேண்டாம், லீக்டவுன் டெஸ்ட் எடுங்கள். பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றை அழுத்தி எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது அது. பத்துக்குள் இருந்தால் நல்ல இன்ஜின். இருபதைத் தாண்டினால் வேலை இருக்கிறது. எண்ணைவிடக் காற்று எங்கே சீறுகிறது என்பதுதான் முக்கியம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வையுங்கள்: அங்கே சீறினால் ரிங். சைலன்சர் வாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர்பாக்ஸ் பக்கம் என்றால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழியடித்தால் கேஸ்கட். நான்கும் நான்கு வேறு பில். ‘ஹாஃப் இன்ஜின் பண்ணிடலாம்’ என்று இந்தச் சோதனை இல்லாமல் சொல்பவரிடம் வண்டியை விட வேண்டாம்.

கம்ப்ரஷன் கேஜ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு: த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்தே எடுங்கள். ஆட்டோ டிகம்ப்ரஷன் (ஸ்டார்ட் எளிதாக அழுத்தத்தைத் தானே குறைக்கும் அமைப்பு) உள்ள இன்ஜினில் எண் இயல்பாகவே குறைத்துக் காட்டும்; அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை

கிளட்ச். மேல் கியரில் நடு ஆர்பிஎம்மில் த்ராட்டிலை முழுதாகத் திறங்கள். முள் தாவி வேகம் தாவாவிட்டால் உறுதி.

முதல் காரணம் லீவரில் ஃபிரீ ப்ளே (சிறு தளர்வு) இல்லாமல் இழுத்துக் கட்டியிருப்பது. சூடானதும் கேபிள் இன்னும் இறுகும். இதற்குச் செலவே இல்லை. அடுத்தது ஆயில். ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று டப்பாவில் இருக்க வேண்டும். ‘கார்ல போடற காஸ்ட்லி ஆயில்தான் சேட்டா ஊத்தினேன்’ என்பார்கள். காரில் கிளட்ச் ஆயிலுக்குள் இல்லை, பைக்கில் இருக்கிறது. உராய்வைக் குறைக்கும் ஆயிலில் பிளேட் வழுக்காமல் என்ன செய்யும்? ஆயிலை மாற்றிச் சிறிது ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே கவரைத் திறங்கள்.

திறந்தால் பிளேட்டின் தடிமன், ஸ்பிரிங்கின் நீளம், ஸ்டீல் பிளேட் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து ஓரத்தில் ஃபீலர் கேஜ் விட்டால் வளைவு தெரிந்துவிடும். ஃபிரிக்ஷன் பிளேட்டை மட்டும் மாற்றி, வளைந்த ஸ்டீலை அப்படியே போட்டால் அடுத்த ட்ராக் நாளே மறுபடி வரும். 390 வகையறாவில் சில ஆயிரத்தோடு முடிகிற வேலை. கையில் டார்க் ரென்ச் (போல்ட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பானர்) இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். பிளேட்டுகள் உட்காரும் கிளட்ச் பாஸ்கட்டில் விரல்களுக்கிடையே பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சூட்டில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, ஐடிலில் அணைந்துபோகிறது

இந்த அறிகுறியைத்தான் பசங்கள் கண்டுகொள்வதே இல்லை. காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும். இரண்டாவது செஷன் முடிந்து பிட்டில் அணைத்தால் மறுபடி எடுக்காது. அரைமணி ஆறவிட்டால் எடுக்கும். ‘பேட்டரி வீக் அண்ணா’ என்று புது பேட்டரியோடு நிற்பார்கள்.

பேட்டரியைப் பார்க்கத்தான் வேண்டும், அது எளிது. பிளக்கையும் பாருங்கள். த்ராட்டில் பாடி அழுக்கை கிளீனர் போட்டுத் துடையுங்கள். மூன்றும் சரி என்றால் அடுத்த சந்தேகம் வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே உள்ள இடைவெளி.

அதிக ஆர்பிஎம்மில் ஓடும் இன்ஜினில் வால்வு தன் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிகிறது. அதனால் இடைவெளி அதிகமாகாது, குறையும். சூட்டில் இன்னும் குறைந்து, வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். கம்ப்ரஷன் போகும், ஸ்டார்ட் ஆகாது. இதில் சத்தமே வராது என்பதுதான் ஆபத்து. டாப்பெட் சத்தம் போட்டால் பதறி வருகிறவர்கள், சத்தம் குறைந்தால் ‘இன்ஜின் நல்லா ஸ்மூத் ஆயிடுச்சு’ என்று சந்தோஷப்படுகிறார்கள். ட்ராக் வண்டியில் சத்தம் குறைவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மூடாத எக்ஸாஸ்ட் வால்வின் சூடு இறங்க வழியில்லை, விளிம்பு எரியும். அதுவரை விட்டால் வால்வு, சீட், ஹெட் வேலை என்று தொடரும்.

இன்ஜின் முழுக்க ஆறிய நிலையில் ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். அளவு மேனுவலில் இருக்கும்; நண்பனின் வண்டி அளவு உங்கள் வண்டிக்கு உதவாது. ஆர்15-ல் ஸ்குரூவும் நட்டும்தான், பொறுமை இருந்தால் வீட்டிலேயே வைக்கலாம். ஆர்சி 390-ல் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு). ஷிம் விலை பெரிதில்லை. சரியான தடிமன் கிடைக்கும்வரை அலைவதுதான் செலவு. நான்கு சிலிண்டர் வண்டியில் பதினாறு வால்வு. டேங்க், ஏர்பாக்ஸ் எல்லாம் இறக்கி, கேம் ஷாஃப்டைக் கழற்றி, டைமிங் குறி மாறாமல் திரும்ப ஏற்ற வேண்டும். பல் தப்பினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளக்கூடும். முன்பு கேம் கழற்றிப் பழகாதவர் இதை முதல் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

அளந்த எண்ணை நோட்டில் எழுதுங்கள். ஒரே வால்வு மட்டும் ஒவ்வொரு தடவையும் இறுகிக்கொண்டே வந்தால், ஷிம்மை மாற்றிக்கொண்டிருப்பது வீண். அந்த வால்வையும் சீட்டையும் பார்க்க ஹெட்டை இறக்க வேண்டும்.

இன்ஜினுக்குள் சத்தம்

முதலில் ஃபேரிங் போல்ட், செயின் கார்டு, சைலன்சர் கிளாம்ப் எல்லாம் இறுக்கமா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். ‘இன்ஜின் போச்சு’ என்று வந்து ஃபேரிங் போல்ட்டோடு திரும்பிய வண்டிகள் ஏராளம்.

நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேளுங்கள். மேலே, கீழே, இடது, வலது என்று நகர்த்தினால் எங்கே உரக்கக் கேட்கிறது என்று பிடிபடும்.

*ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கரகரத்து அடங்குகிறது, த்ராட்டில் விடும்போதும் கேட்கிறது:* டைமிங் செயின் டென்ஷனர். டென்ஷனர் ஆயிரங்களில் முடியும். செயினே நீண்டிருந்தால் கூடுதல் கூலி. தள்ளிப்போட வேண்டாம், செயின் பல் தாண்டினால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லியாயிற்று.

*மேலே ஒரே சீராக டிக் டிக்:* டாப்பெட். அளந்து வைத்தால் சரியாகும்.

*ஆறியிருக்கும்போது கேட்டு, சூடானதும் குறைகிறது:* பிஸ்டன் தளர்ச்சி. லீக்டவுன் எடுத்துவிட்டு முடிவு செய்யலாம்.

*கீழே, கனமாக, த்ராட்டில் கொடுக்கக் கொடுக்கக் கூடுகிற தட்டல்:* உடனே அணையுங்கள். பிட்டுவரை ஓட்டிக்கொண்டுகூட வராதீர்கள், தள்ளுங்கள். கனெக்டிங் ராட் பேரிங் போகும் சத்தம் இது. இந்த நிலையில் நிறுத்தினால் கிராங்க் வேலையோடு போகலாம். ‘இந்த செஷன் மட்டும்’ என்று ஓட்டினால் ராட் முறிந்து இன்ஜின் கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அப்புறம் அந்த இன்ஜினை எடைக்குத்தான் போடலாம்.

சந்தேகமாக இருந்தால் ஆயிலை இறக்கிப் பாருங்கள். பேப்பர் ஃபில்டரை பிளேடால் கீறி, மடிப்புகளை விரித்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் பரப்பி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு நார் கிளட்சுடையது. ட்ரெயின் போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. விரலில் குத்தும் ஊசி போன்ற துண்டு, காந்தத்தில் ஒட்டாத வெள்ளி நிறச் செதில், செம்பு நிறத்தில் மின்னும் செதில் ஆகியவை இயல்பல்ல. துணியைச் சுருட்டிப் பையில் போட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இன்ஜினைத் திறக்காமல் பாதி விஷயத்தை அதுவே சொல்லிவிடும்.

ஆயில் பிரஷர் விளக்கு கடும் பிரேக்கிங்கிலோ நீண்ட வளைவிலோ கண் சிமிட்டினால் அந்த லேப்பிலேயே உள்ளே வாருங்கள். பெரும்பாலும் அளவு குறைந்திருக்கும், ஊற்றினால் சரியாகிவிடும். அளவு சரியாக இருந்தும் சிமிட்டினால் பம்ப், ஸ்ட்ரெய்னர், பேரிங் என்று போகும். அதை வீட்டில் பார்க்க முடியாது.

இன்னொன்று: நேர்கோட்டின் முடிவில் ஆறிலிருந்து ஐந்துக்குப் பதிலாக இரண்டு மூன்று கியர் தள்ளிவிட்டால் பின்சக்கரம் இன்ஜினைச் சுழற்றும். அளவுக்கு மீறிச் சுழலாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் பெட்ரோலையோ தீப்பொறியையோதான் நிறுத்தும், சக்கரத்தை அல்ல. அப்படி நடந்த நாளில் சத்தம் எதுவும் இல்லாவிட்டாலும் லீக்டவுன் எடுத்துவிடுங்கள். லேசாக வளைந்த வால்வு அன்றைக்கே குரல் கொடுக்காது.

மேல் ஆர்பிஎம்மில் வெட்டுகிறது, இழுவை குறைவு

இதில் பாதி இன்ஜினே அல்ல. பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பிரேக் பிடித்திருக்கிறதா, செயின் இறுக்கமா? சைடு ஸ்டாண்டு சுவிட்ச் குலுங்கி வெட்டுவதும் உண்டு. அடுத்து ஏர் ஃபில்டர்: ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதிக்கு, மேனுவலில் உள்ள இடைவெளி போதாது. இரண்டு மாதமாக டேங்கிலேயே கிடந்த இ20 பெட்ரோல் என்றால் முதலில் இறக்கிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அப்புறம் பிளக், ஃபியூயல் பம்ப் வடிகட்டி. புது ஆர்15-களில் 7,400 ஆர்பிஎம் பக்கம் விவிஏ (வால்வு திறப்பை மாற்றும் அமைப்பு) மாறும். மீட்டரில் அந்தக் குறி வராவிட்டால் அதை இயக்கும் சொலினாய்டைப் பாருங்கள். எல்லாம் பார்த்தும் வெட்டினால் கோளாறுக் குறியைப் படிக்கும் கருவி உள்ள இடத்துக்குப் போவது நல்லது. பாகம் பாகமாக மாற்றிப் பார்ப்பதைவிட மலிவு.

விழுந்து எழுந்த வண்டி

கில் சுவிட்ச்தான் முதல் வேலை. படுத்துக்கிடந்து உறுமும் இன்ஜினுக்கு ஆயில் ஏறாது. காற்று வாயில் சரளையும் போகலாம். நிமிர்த்தியதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். த்ராட்டில் தானாகத் திரும்புகிறதா, கிளட்ச் கவரிலும் ஆல்டர்னேட்டர் கவரிலும் விரிசல் இருக்கிறதா, ஏர்பாக்ஸில் மண் இருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சாவியை அணைத்து மறுபடி போடுங்கள். சாய்வு சென்சார் வெட்டி வைத்திருக்கும். ஏர் ஃபில்டரைத் தாண்டி ஒரு மணல் துகள் கண்ணில் பட்டாலும் அன்றைக்கு ஓட்டுவது முடிந்தது.

திறந்து சரிசெய்வதா, இன்ஜினையே மாற்றுவதா

போரும் பிஸ்டனும் மட்டும் என்றால் சரிசெய்யுங்கள். கிராங்கும் சேர்ந்து போயிருந்தால் உதிரிபாக விலையை எழுதிக் கூட்டிப் பாருங்கள். 390 வகையறாவில் பல பத்தாயிரம், நான்கு சிலிண்டரில் லட்சங்கள். வாரண்டியை நம்ப வேண்டாம். போட்டி ஓட்டத்தில் வந்த பழுதைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்பதில்லை. வண்டி இன்ஷூரன்ஸும் பந்தயம், வேகச் சோதனை இரண்டையும் விலக்கியே எழுதப்படுகிறது.

விபத்து வண்டியின் பழைய இன்ஜின் கிடைத்தால் சில சமயம் பாதி விலையில் வேலை முடியும். வாங்கும் முன் லீக்டவுன் எடுக்க ஒப்புக்கொள்கிறாரா என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் பேரம் பேசாதீர்கள். ட்ராக்குக்கு மட்டும் என்றால் பிரச்சினை குறைவு. ரோட்டிலும் ஓட்டும் வண்டி என்றால் விற்றவரின் பில், பழைய பதிவுச் சான்றின் (ஆர்சி) நகல் எல்லாம் வாங்கி, இன்ஜின் எண்ணை உங்கள் ஆர்டிஓ-வில் மாற்றிப் பதிந்த பிறகே வெளியே எடுங்கள். கேஎல் எண் வண்டிக்குள் டிஎன் வண்டியின் இன்ஜினை வைத்துக்கொண்டு வாளையாரில் நின்று விளக்கம் சொல்வது லேசான வேலையில்லை.